உமைர் வாங்கிக் கொடுத்த டீ

டீ என்றால் சுடத்தானே செய்யும் என்று என்னிடம் சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்தால் நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் வரை நிற்பார்கள். முதல் ஆளாக என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வன் நிற்பார். சுடும் என்பது எனக்குத் தெரியாதா? விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுப்படியில் நிற்பவள் நான். சுடுகிற சாமானை அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன். கடலூர் வரைக்கும் போய்க் கேட்டேன்.

என் பேர் மணிமொழி. நைனார்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்த வருஷம் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. தைத்ததை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மலை வளைவுகளில் குடல் வாய்க்கு வர இறங்கி, கள்ளக்குறிச்சி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது.

எங்கள் ஜனம் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்த காலம். எங்கே மறியல், எப்போது மறியல் என்று பஸ்காரனுக்கே தெரியாது. போராட்டத்தை நான் குறை சொல்லவில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் மாடு ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பங்கு கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த மரத்தை வெட்டிப் போட்டவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர் என்று எனக்குத் தெரியாது. கட்டின பெண்டாட்டி வருகிற பஸ்ஸைத்தான் மறிக்கிறோம் என்று அந்த மனுஷனுக்கும் தெரியாது. வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

மரத்துக்குப் பக்கத்திலேயே தெய்வசிகாமணி அண்ணன் டீக்கடை. எங்கள் ஆள்தான், தூரத்துச் சொந்தமும்கூட. போராட்டம் நடத்துகிற சங்கத்தில் முக்கியஸ்தர். மறியலுக்கு அந்த இடத்தைச் சொன்னதே அவர்தான். ஏன் சொன்னார் என்று கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டாம். பஸ் நின்றால் ஜனம் நிற்கும், ஜனம் நின்றால் டீ ஓடும்.

அவர் கடையில் டீ கொண்டுவந்து கொடுக்க ஆள் கிடையாது. தானே டீ போடுவார், கிளாஸை மேடையில் வைப்பார், "வாங்கி வுடு" என்று ஒரு சத்தம் கொடுப்பார். முன்னால் நிற்கிறவர் அதை எடுத்துப் பின்னால் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் அவருக்குப் பின்னால் இருப்பவருக்கு. அப்படியே கை மாறி மாறி டீ ரோட்டுக்கு வரும். ரோட்டில் பொம்பளைகள் நிற்போம். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் அப்போது பொம்பளைகள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. நாக்கு வறண்டாலும் வெயிலில் நின்று, கை வழியாக வருவதைத்தான் குடிக்க வேண்டும். அதையெல்லாம் அன்றைக்கு நானும் பெரிதாக நினைக்கவில்லை. மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு வந்த செல்லியம்மாள் என்கிற அம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு நின்றோம்.

எங்களுக்கு முன்னால், வரிசையில் கடைசியாக நின்றவன் உமைர். கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கிற சாதுல்லா பாயின் மகன். நான் நூலும் லைனிங் துணியும் வாங்குவது அவர்கள் கடையில்தான். வெள்ளிமலையில் துணி விற்றுவிட்டு நான் வந்த அதே பஸ்ஸில் வந்திருந்தான். அவன் சொன்ன டீ அவனுக்கு வரவில்லை. ஆனால் ஊரார் டீயெல்லாம் அவன் கை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கூட்டம் ஜாஸ்தி என்பதால் அண்ணன் அன்றைக்கு டீயை ஆற்றவே இல்லை. கொதிக்கக் கொதிக்க விளிம்பு வரை ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தார். என் டீ வந்தபோது உமைர் விளிம்பை நுனிவிரலால் பிடித்திருந்தான். "அக்கா, சீக்கிரம் புடிங்க" என்றான். நான் கை நீட்டினேன். அதற்குள் தளும்பி அவன் விரலில் வழிந்தது. விரல் தானாக விரிந்துவிட்டது. முழுக் கிளாஸும் என் வலது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. கண்ணாடி வளையலுக்கு அடியில் போய் அங்கேயே தங்கிவிட்டது. அந்த வலியை நான் விவரிக்கப் போவதில்லை, நினைத்தாலே கோபம் வருகிறது. செல்லியம்மாள்தான் என் வளையல்களைத் தட்டி உடைத்தாள்.

தெய்வசிகாமணி அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார். என்ன கேட்டார் தெரியுமா?

"கிளாஸ் ஒடஞ்சிடுச்சா பாரு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கடலூர் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை ஆற நாளானது. தீபாவளி முன்னால் நின்றது. வலது கையில் கத்தரிக்கோல் பிடிக்க முடியாத தையல்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள்? கொடுத்தவர்களும் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் வந்து பார்ப்பார், ஒரு வார்த்தை கேட்பார் என்று இருந்தேன். வரவில்லை. என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் போய் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"டீய ஊத்துனது நானா, அந்த பாய் பையன்தானேன்னு கேக்கறாரு மணி. அவன் மேல கேஸ் குடுக்கச் சொல்லு, ஸ்டேஷன்ல நானே வந்து சாட்சி சொல்றேன்றாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் இன்னா சொல்றது. அவரு சொல்றதும் சரிதானே. கையிலிருந்து வுட்டது அவன்தானே."

இந்தப் பேச்சு ஒரே வாரத்தில் ஊர்ப் பேச்சாகிவிட்டது. பொம்பளை மேல் டீயை ஊற்றிவிட்டான் என்று ஆரம்பித்தது, வேண்டுமென்றே ஊற்றினான் என்கிற இடத்துக்கு வந்தது. வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் அவனை ஒரு மாதிரி பார்த்தார்களாம். அவனுக்கு வெளிநாட்டில் வேலை சரியாகியிருந்தது. பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை அந்தச் சமயத்தில்தான் வர வேண்டும். ஒரு கேஸ் விழுந்தால் போச்சு, அதோடு முடிந்தது அவன் பிழைப்பு.

சாதுல்லா பாய் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். உமைர் நிலைப்படியைத் தாண்டவில்லை. அவன் விரல்களிலும் தோல் உரிந்திருந்தது. அதை ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

"தப்பு என்னோடதுன்னே வெச்சிக்கங்க அக்கா. வைத்தியச் செலவு முழுக்க நான் ஏத்துக்கறேன். ஸ்டேஷனுக்கு மட்டும் போவாதீங்க."

எனக்கு வந்ததே கோபம். "நீ இன்னா டீக்கடையா வெச்சிருக்க?" என்று கத்தினேன். "அவரு கடை, அவரு டீ, அவரு கிளாஸு. நீ டீ குடிக்க வந்தவன். உனக்கு எதுக்குடா தப்பு?"

"இல்லக்கா, என் கையிலருந்துதானே..."

"உன் கையில எதுக்கு வந்திச்சு? அதக் கேளு மொதல்ல."

சாதுல்லா பாய் அழுதுவிட்டார். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன், அப்புறம் வாங்கி வைத்துக்கொண்டேன். பாவம், பெரிய மனுஷர்.

அன்றைக்குச் சாயந்தரம் வீட்டில் பெரிய சண்டை.

"நம்ம ஆளுங்கெல்லாம் ஒண்ணா நிக்கிற நேரம் மணி. இப்ப போயி நம்ம ஆள் மேலயே நீ கேஸ் போட்டா ஊரு இன்னா பேசும்?"

"பாய் பையன் மேல போட்டா?"

"அதுக்கு ஒண்ணும் பேசாது."

"பேசறதுக்கு ஆள் இல்லன்றதுக்காக அவன் மேல போடணுமா? இதுதான் நீங்க ரோட்ல நின்னு கேக்கற நியாயமா? உரிமை உரிமைன்னு மரத்த வெட்டத் தெரியுது, இது தெரியலயா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த மனுஷனுக்குப் பதில் இல்லாத நேரங்களில் துண்டு படுகிற பாடு தனி.

தைக்கும்போது ரேடியோ கேட்பேன். தைக்க முடியாத அந்த நாட்களில் இன்னும் ஜாஸ்தியாகக் கேட்டேன். அதில்தான் ஒரு நாள் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு என்று தனியாகக் கோர்ட் வந்திருக்கிறது, நம் ஜில்லாவுக்குக் கடலூரில், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் எழுதிப் போட்டாலே போதும் என்று. எழுதிப் போட்டேன். வலது கை வராததால் நான் சொல்லச் சொல்ல உமைர் பெண்டாட்டி அத்தியாதான் எழுதினாள். யார் மேல் புகார் என்கிற இடத்தில் தெய்வசிகாமணி என்று அவள் நுணுக்கி நுணுக்கி எழுதினாள். நல்லா அழுத்தமா எழுது என்றேன்.

நோட்டீஸ் போன அன்றிலிருந்து எங்கள் தெருவில் எனக்குத் தையல் கம்மியாகிவிட்டது. சங்கத்துக்காரர்கள் வீட்டு ஜாக்கெட்டுகளெல்லாம் சின்னசேலத்துக்குப் போயின. போகட்டும். அளவு சரியாக வராமல் மூச்சு முட்டிக்கொண்டு திரிந்தார்கள், அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

விசாரணைக்கு நானும் உமைரும் செல்லியம்மாளும் பஸ்ஸில் போனோம். எதிரில் நிற்பது யார் என்பது அவனுக்குத் தெரியும். தீர்ப்பு அண்ணன் பக்கம் போனால் பழி எழுத்துப்பூர்வமாக அவன் தலையில் விழும் என்பதும் தெரியும். வீராப்பாகப் புகார் கொடுத்துவிட்டு இந்தப் பையனைக் கெடுத்துவிடப் போகிறேனோ என்று விருத்தாசலம் வரை அதே நினைப்பு.

அண்ணன் ஒரு வேன் வைத்துச் சங்கத்து ஆட்களைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார். அந்த வேனிலிருந்து என் வீட்டுக்காரரும் இறங்கினார். என்னைப் பார்த்ததும் துண்டைச் சரிசெய்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோர்ட் என்று பேர்தானே தவிர ஒரு பெரிய அறை, நீள மேஜை. நடுவில் ரிட்டையர் ஆன ஜட்ஜ் ஒருவர், அவர்தான் தலைவர், ஒரு பக்கம் ஒரு ஆள், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நான் நடந்ததைச் சொன்னேன். கையைக் காட்டினேன். ஆற்றாத டீ, விளிம்பு வரை ஊற்றின டீ, கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் என் வழக்கு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சாட்சியாக உமைரும் செல்லியம்மாளும் நடந்ததைச் சொன்னார்கள்.

அண்ணன் கடலூரிலேயே ஒரு வக்கீலைப் பிடித்திருந்தார். நல்ல சத்தம் உள்ள வக்கீல். எங்கள் பக்கத்து விவகாரம் எதுவும் தெரியாதவர். தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

"கனம் தலைவர் அவர்களே, எனது கட்சிக்காரர் பல வருடங்களாகக் கடை நடத்துகிறார். ஒரு விபத்தும் இல்லை. அன்று மட்டும் ஏன்? சில சமூக விரோதிகள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுப் பொதுமக்களை வழிமறித்தார்கள். வன்முறைக் கும்பல் கடைக்குள் புகுந்தது. தள்ளுமுள்ளு. அந்தத் தள்ளுமுள்ளில்தான் அந்த இளைஞர் டீயைக் கொட்டினார். பொறுப்பு அந்த இளைஞருடையது, அந்தக் கும்பலுடையது. எனது கட்சிக்காரருடையது அல்ல."

அறையில் ஒரு அசைவு. வேனில் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சமூக விரோதிகள் பூராவும் அங்கேதான், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அண்ணனுக்குச் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் சாட்சி சடையன். சங்கத்தில் கோஷம் போடுகிறவர். மூக்கு விடைக்க எழுந்து வந்தார்.

"அன்னைக்குக் கடையில பயங்கரத் தள்ளுமுள்ளு இருந்தது இல்லையா?" என்று வக்கீல் எடுத்துக் கொடுத்தார்.

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. நாங்க உரிமைக்கு நின்னவங்க, ரவுடிப் பசங்க இல்ல. கட்டுப்பாடா நின்னோம். ஒருத்தன் ஒருத்தன இடிக்கல. பொம்பளைங்க நிக்கிற பக்கம் ஒருத்தன் திரும்பிக்கூடப் பாக்கல. சங்கத் தலைவருங்க அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. கும்பலு, வன்முறைன்னு நீங்க எழுதிக்கினா நாளைக்குப் பேப்பர்ல வரும். நான் ஒத்துக்க மாட்டேன்."

வக்கீல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, அந்த மரத்த வெட்டுனவன் நான்தாங்க. சமூக விரோதின்றாரு. மறியலுக்கு எடம் சொன்னதே இவுரு கட்சிக்காரருதாங்க. கேளுங்க அவர."

கோர்ட்டில் நின்று இப்படியா ஒரு மனுஷன் குற்றத்தை ஒப்புக்கொள்வான். தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

"மரத்தைப் பத்தி இங்க வழக்கு இல்ல. நீங்க சொன்னது என் காதுல விழல. உக்காருங்க." அப்புறம் சடையனிடம் திரும்பினார். "தள்ளுமுள்ளு இல்ல. யாரும் இடிக்கல. அப்ப டீ எப்படிக் கொட்டுச்சு?"

"தளும்பத் தளும்ப ஊத்தியிருந்தாருங்க. ஆத்தவும் இல்ல. எனக்கே வெரலு பொத்துப்போச்சு."

"அந்தப் பையன் ஏன் அதை எடுத்துக் கொடுத்தான்? அவன் கடையில வேலை பாக்கறவனா?"

"அண்ணன் கடையில அதான் வழக்கங்க. வாங்கி வுடுன்னா வாங்கி வுடணும்."

"மாட்டேன்னா?"

"மாட்டேன்னா அவனுக்கு டீ கெடையாதுங்க," என்றார் சடையன் கொஞ்சம் பெருமையாக. "அண்ணன் வெளிய அனுப்பிச்சுடுவாரு. அந்த விஷயத்துல கண்டிப்பான ஆளு."

கண்ணாடி போட்ட அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "இந்த அம்மாவே உள்ள வந்து எடுத்துக்கிட்டு இருக்கலாமே?"

வேனில் வந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "பொம்பளைங்க உள்ள வர்றதில்லீங்க."

"யாரு சொன்னது?"

வக்கீல் மற்ற சாட்சிகளை விசாரிக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. தலைவர் அதைப் படித்தபோது நான் ஒவ்வொரு வார்த்தையையும் விழுங்கினேன். டீ சுடும் என்பது எல்லாருக்கும் தெரியும், கடைக்காரருக்குக் கூடுதலாகத் தெரியும். வாடிக்கையாளர் கைக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும் வரை அந்த டீ அவருடைய பொறுப்பு. சம்பளத்துக்கு ஆள் வைக்காமல், டீ குடிக்க வந்தவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியிருக்கிறார். ஆகவே உமைர் என்பவரின் கை அந்த நேரத்தில் கடைக்காரரின் கைதான். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வைத்தியச் செலவையும் தொழில் நஷ்டத்தையும் கடைக்காரர் தர வேண்டும். இனி டீயைக் கடைக்காரரோ அவருடைய ஆளோதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

உமைர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்ற இடத்தில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கும் கண் நிறைந்தது. ஜெயித்துவிட்டோம்டா என்று அவன் முதுகில் நன்றாக ஒரு அடி வைத்தேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வேன் பக்கம் போகாமல் எங்களோடு பஸ் ஏறினார். சடையன் வேனிலிருந்து இறங்கி வந்து, "எங்க வூட்டு ஜாக்கெட்டு ரெண்டு இருக்குது, குடுத்தனுப்பறேன்" என்றார். அனுப்புங்க, கூலி ஜாஸ்தி என்றேன்.

அடுத்த முறை வெள்ளிமலையிலிருந்து திரும்பும்போது அந்தக் கடைக்கு எதிரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இந்தத் தடவை ரோட்டில் நிற்கவில்லை. உள்ளே போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, ஒரு டீ என்றேன். குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவசரமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் வேலைக்கு இன்னும் ஆள் பிடிக்கவில்லை. பழக்க தோஷத்தில் "வாங்கி வு..." என்று ஆரம்பித்தார். மேடைக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

அவரே எடுத்தார். விளிம்பு வரை நிறைந்த கிளாஸை நுனிவிரலால் பிடித்துக்கொண்டு, மேடையைச் சுற்றி, ஒவ்வொரு அடியாக என்னிடம் நடந்து வந்தார். பாதி தூரத்தில் முகம் சுருங்கியது. கையை மாற்றினார், துண்டைத் தேடினார், மறுபடி கையை மாற்றினார். நான் உடனே கை நீட்டவில்லை.

"சுடுதா அண்ணே?"

கடை முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"சுடுதும்மா," என்றார். "இரு, ஆத்திக் கொண்டாறேன்."

ஆற்றிக் கொண்டுவந்தார். குடித்தேன்.